கோஷர் வீட்டு அடுப்படியில் சமைக்கப் போகிறவர்களுக்கு

இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மருந்து கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் பழகிய வேலையாக இருக்கும். தடுமாற்றம் தொடங்குவது, கோஷர் என்ற யூத உணவு விதிகளைப் பார்க்கிற வீட்டின் அடுப்படியில். அங்கே இரண்டு வகைத் தட்டு, இரண்டு வகைக் கரண்டி, சில வீடுகளில் இரண்டு தொட்டிகள்கூட இருக்கும். அந்த வீட்டுப் பெரியவருக்கு இது இறைவனின் கட்டளை. எண்பது, தொண்ணூறு வயது வரை ஒரு நாளும் தவறாமல் காத்துவந்த ஒழுங்கு. அதைக் கெடுக்காமல் சமைக்கக் கற்பது அவரை நன்றாகப் பார்த்துக்கொள்வதில் பாதி.

எல்லா யூத வீடும் ஒன்றுபோல இருக்காது. கோஷரே பார்க்காத வீடுகளும் உண்டு. வீட்டுக்குள் மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. இம்மியும் விலகாதவர்களும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த யோசேஃப் காரோ தொகுத்த சட்டநூல்தான் இன்றைக்கும் அடிப்படை. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியில் வந்த செஃபார்திகள் பெரும்பாலும் அவர் சொன்னபடி நடப்பார்கள். ஐரோப்பிய வழியில் வந்த அஷ்கெனாசிகள், அதே நூலுக்கு கிராக்கோ நகரத்து மோஷே இஸ்ஸர்லெஸ் எழுதிய குறிப்புகளைப் பின்பற்றுவார்கள். இவற்றில் இந்த வீடு எந்த வழி என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கீழே வரும் பல இடங்களில் அதைப் பொறுத்துத்தான் விடை மாறும்.

மூன்று கூட்டம்

எல்லாப் பொருளையும் மூன்றாகப் பிரிக்கிறார்கள். இறைச்சியும் கோழியும் அவற்றின் கொழுப்பு, எலும்புச்சாறும் பஸாரி. பால், தயிர், வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி ஹலாவி. இரண்டிலும் சேராதவை பார்வே: முட்டை, மீன், அரிசி, பருப்பு, காய்கறி, பழம், எண்ணெய், தேங்காய். பார்வேயை எதனோடும் உண்ணலாம். பஸாரியும் ஹலாவியும் ஒன்றாகச் சமைக்கவும் கூடாது, உண்ணவும் கூடாது. 'குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே' என்ற கட்டளை யூதர்களின் வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து விரிந்ததே இத்தனையும்.

இறைச்சியில், பிளவுபட்ட குளம்பும் அசைபோடுதலும் இரண்டும் உள்ள விலங்குகள் மட்டுமே ஆகும். மாடு, ஆடு, செம்மறி, மான் ஆகும். பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, அசைபோடாது. ஒட்டகம் அசைபோடும், குளம்பு சரியில்லை. இரண்டும் விலக்கு. மீனுக்குத் துடுப்பும், தோலைக் கிழிக்காமல் உரிக்க வருகிற செதிளும் வேண்டும். மத்தி, சூரை, சங்கரா, கெண்டை சரி. சுறா, கெளுத்தி, விலாங்கு, இறால், நண்டு, கணவாய் ஆகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த இறால் கருவாட்டுப் பொட்டலம் அந்தக் குளிர்பெட்டிக்குள் போகக் கூடாது. மீனும் இறைச்சியும் தனித்தனியாக உண்ணத்தக்கவைதான். ஆனாலும் ஒரே சட்டியில் சேர்த்துச் சமைக்க மாட்டார்கள், ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள்.

நம் கைப்பழக்கம் இங்கேதான் காலை வாரும். கோழியைத் தயிரில் ஊறவைப்பதும், கறிக்குழம்பில் ஒரு கரண்டி நெய் விடுவதும் யோசிக்காமலே நடக்கும். இரண்டையும் அடியோடு மறந்துவிடுங்கள். புளிப்புக்கு எலுமிச்சை, புளி, தக்காளி, செழுமைக்குத் தேங்காய்ப்பால், தாளிக்க எண்ணெய். கொச்சி யூதர்கள் பல நூற்றாண்டுகளாகத் தேங்காய்ப்பாலில்தான் கறி சமைத்து வந்தார்கள். அது பார்வே என்பதால் எந்தத் தடையும் இல்லை. ஒரு சின்ன மரியாதை மட்டும் உண்டு. வெள்ளைக் குழம்பைப் பார்க்கிற விருந்தாளி பால் என்று நினைத்துவிடாதபடி, தேங்காய்ப்பால் டப்பாவையோ ஒரு தேங்காய்த் துண்டையோ மேசையில் வைத்துவிடுங்கள். பாதாம்பாலுக்கு இஸ்ஸர்லெஸ் சொன்ன முறை இது. டப்பாவின் பொருட்பட்டியலையும் பாருங்கள். சில தேங்காய்ப்பால் பொடிகளில் பாலின் புரதமான கேசினேட் கலந்திருக்கும்.

கத்தியும் வெங்காயமும்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வெங்காயம். வெங்காயம் பார்வேதானே, எந்தக் கத்தியால் நறுக்கினால் என்ன என்று தோன்றும். கோஷர் கணக்கில் பாத்திரம் தான் தொட்ட சூடான உணவின் சுவையை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் உணவுக்கு அதைக் கொடுக்கிறது. சாதாரணப் பொருளுக்கு அது நடக்கச் சூடு வேண்டும். வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, எலுமிச்சை போன்ற காட்டமான பொருள்களுக்குச் சூடே வேண்டாம். காட்டமும் கத்தியின் அழுத்தமும் போதும். மிளகாயையும் பல வீடுகளில் இதே கணக்கில்தான் வைப்பார்கள்.

ஆகவே இறைச்சிக் கத்தியால் நறுக்கிய வெங்காயத்தைக் கறிக்குழம்பில் போடலாம். பாலாடைக்கட்டி ஆம்லெட்டில் போடக் கூடாது. அந்தக் கத்தி கழுவிக் காய்ந்து 24 மணி நேரம் சும்மா கிடந்திருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் பழைய சுவையைக் காட்டம் மறுபடி எழுப்பிவிடும் என்பது விதி. இதே வெங்காயத்தை மிக்ஸியில் அரைத்தால் ஜாரும் சிக்கலுக்குள் வந்துவிடும். நம் சமையலில் வெங்காயம், பூண்டு, மிளகாய் இல்லாத நாளே கிடையாது என்பதால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பார்வேக்கென்று ஒரு கத்தி, ஒரு வெட்டுப்பலகை, ஒரு மிக்ஸி ஜார். மூன்றிலும் வண்ண ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்பது பரவலான வழக்கம். பார்வேக்குப் பச்சையோ மஞ்சளோ.

இன்னொன்று. உரித்த பூண்டு, வெங்காயம், ஓடு நீக்கிய முட்டை ஆகியவற்றை இரவு முழுக்க அப்படியே வைத்திருந்தால் பல வீடுகளில் உண்ண மாட்டார்கள். இஞ்சி பூண்டு விழுதை முன்கூட்டியே அரைத்து வைக்கிற பழக்கம் இருந்தால், அரைக்கும்போதே உப்பும் எண்ணெயும் சேர்த்துவிடுங்கள். வேறு பொருளோடு கலந்துவிட்டால் பெரும்பாலும் தடை இல்லை.

கழுவுவதிலும் பிரிவு உண்டு. தேய்க்கும் நார், துடைக்கும் துணி, உலர்த்தும் தட்டு எல்லாம் இரண்டிரண்டு. தொட்டி ஒன்றே இருந்தால் தட்டுகளைத் தொட்டியின் அடியில் நேராக வைக்காமல், அதற்கென்று உள்ள தனித்தனி அடித்தட்டு அல்லது வாளியில் வைத்துக் கழுவ வேண்டும். இரண்டு வகைப் பாத்திரங்களையும் ஒரே சுடுநீரில் ஊறப்போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஒரு சேர அத்தனை பாத்திரமும் கெட்டுவிடும்.

கை தவறிவிட்டால்

கொதிக்கும் கோழி சூப்பில் பால் கரண்டியை விட்டுக் கிளறிவிட்டீர்கள். அந்த நொடியில் மனசு சொல்வது: யாரும் பார்க்கவில்லை, கழுவி வைத்துவிடலாம். அப்படிச் செய்யாதீர்கள். சூப்பை ஊற்றிவிடவும் வேண்டாம். பெரும்பாலான தவறுகளுக்குத் தீர்வு இருக்கிறது, ஆனால் தீர்ப்புச் சொல்ல யூத மதகுருவான ரப்பிக்குச் சில விவரங்கள் வேண்டும். அவற்றைக் காப்பாற்றித் தருவது உங்கள் கையில்.

1. கரண்டியை வெளியே எடுங்கள். கழுவாமல், வேறெதன் மேலும் படாமல் தனியே ஒரு காகிதத்தில் வையுங்கள்.
2. அடுப்பை அணையுங்கள். அந்தச் சட்டியை மூடவோ, அதிலிருந்து வேறு பாத்திரத்துக்கு ஊற்றவோ வேண்டாம்.
3. சூப் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை லிட்டர் இருந்தது, கரண்டி எவ்வளவு தூரம் முங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
4. அந்தக் கரண்டி கடைசியாகச் சூடான பாலில் பட்டது எப்போது என்று நினைவுபடுத்துங்கள்.
5. சூப்பில் வெங்காயம், பூண்டு போன்ற காட்டமான பொருள் இருந்ததா என்பதையும் எழுதி, உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள்.

இவற்றை ஏன் கேட்கிறார்கள்? கை தாங்காத சூடு, அதாவது ஏறக்குறைய 45 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சுவை இடம் மாறும். பால் கரண்டி குளிர்ந்த கறியில் பட்டிருந்தால் பெரும்பாலும் நன்றாகக் கழுவினாலே போதும். 24 மணி நேரம் கடந்துவிட்டால் பாத்திரத்துக்குள் இருக்கும் சுவை கெட்டுப்போனதாகக் கணக்கு. அப்போது சூப் பொதுவாகத் தப்பிவிடும். 24 மணிக்குள் என்றால், முங்கிய பகுதியைப்போல் 60 மடங்கு சூப் இருந்ததா என்று பார்ப்பார்கள். பெரிய சட்டியும் சிறிய கரண்டியுமானால் அதுவும் தப்பிவிடும். கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. தீர்ப்பை மட்டும் நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

கரண்டியை மீட்டெடுக்கவும் முறை உண்டு. உலோகமானால், அழுக்கோ துருவோ ஒட்டாமல் தேய்த்து, 24 மணி நேரம் உபயோகிக்காமல் வைத்து, தளதளவென்று கொதிக்கும் நீரில் முழுவதும் முக்கி எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசுவார்கள். எண்ணெய் நீரின்றி நேரடித் தீயில் பட்ட கம்பி, தட்டு போன்றவற்றுக்குக் கொதிநீர் போதாது. தீயிலேயே காய்ச்ச வேண்டும். மண்சட்டிக்கும் பீங்கானுக்கும் மீட்சி இல்லை. கண்ணாடியைச் செஃபார்திகள் கழுவினாலே போதும் என்பார்கள். அஷ்கெனாசிகளிடம் கெடுபிடி அதிகம். கைப்பிடியில் திருகாணியோ வெடிப்போ இருந்தால் அந்த இடுக்கில் உணவு தங்கும், முக்கியும் பயனில்லை. அடிக்கடி காரியம் கெடுவது இந்த இடுக்கால்தான்.

அடுப்பை யார் பற்றவைப்பது

யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்த சில உணவுகளை அவர்கள் உண்ணக் கூடாது. பச்சையாகத் தின்ன முடியாததும், விருந்தில் வைக்கத் தகுந்ததுமான உணவுகளுக்கு இது பொருந்தும்: சோறு, கறி, மீன், முட்டை. அஷ்கெனாசி வீட்டில் பெரியவர் தீயைப் பற்றவைத்தாலோ, அடுப்பின் குமிழைத் திருப்பினாலோ போதும், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். செஃபார்தி வீட்டில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதையும் அவரே செய்ய வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவர் என்றால் என்ன செய்வது என்று குடும்பத்தார் ரப்பியிடம் கேட்டு வைத்திருப்பார்கள். அதை எழுதி வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மது இன்னும் நுட்பமானது. திராட்சை மதுவும் திராட்சைச் சாறும் காய்ச்சப்படாதவையாக இருந்தால், திறந்த புட்டியை நீங்கள் தொட்டு ஊற்றக் கூடாது. ஊற்றினால் அவர்கள் அதைக் குடிக்க மாட்டார்கள். 'மெவுஷால்' என்று எழுதியிருந்தால் காய்ச்சியது, கவலையில்லை. மனத்தாங்கல் வேண்டாம், மிகப் பழைய விதி, உங்கள்மேல் உள்ள குறை கிடையாது.

சபாத் என்பது சமைக்கவோ தீ மூட்டவோ கூடாத வார ஓய்வு நாள், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை. எருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடம் முன்பே விளக்கேற்றிவிடுவார்கள், அதற்குள் சமையல் முடிந்திருக்க வேண்டும். சாப்பாடு சூடு ஆறாமல் இருக்க மின்தட்டு ஒன்றில் ஏற்றி வைப்பார்கள். சனிக்கிழமை காலை அவருக்கு உதவி என்று நினைத்து நீங்களாக சூப்பைச் சுடவைத்தால் அன்று அவரால் அதைக் குடிக்க முடியாமல் போகும். நோயாளியின் தேவைக்கு விலக்குகள் உண்டு, எவையென்று வியாழக்கிழமையே தெரிந்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எல்லா விதியும் விலகும்: சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்குகிறவருக்கு, கையில் எது இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும் என்பது யூதச் சட்டமே சொல்வது.

கீரை, முட்டை, ஈரல்

பூச்சி உண்பது தோராவில் நேரடியான விலக்கு. ஒரு முழுப் பூச்சி பெரிய சட்டியில் விழுந்தாலும், 60 மடங்குக் கணக்கு அதைக் காப்பாற்றாது. எனவே கீரை, கொத்தமல்லி, முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளி விட்ட நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் இருபுறமும் அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சோப்பு, பூச்சியின் பிடியைத் தளர்த்தும். வெறும் நீரில் அசுவினி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பூக்கோசு, புரோக்கோலியில் பூவுக்குள் பூச்சி ஒளிந்திருக்கும் என்பதால் பல வீடுகள் மேற்பார்வையில் பதப்படுத்திய உறைவகையையே வாங்குகின்றன. அரிசி, பருப்பை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பொறுக்க வேண்டும். மாவைச் சலிக்க வேண்டும். பேரீச்சையையும் அத்தியையும் பிளந்து பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

முட்டையை நேராக வாணலியில் உடைக்காமல் ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். இரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டை ஆகாது.

இரத்தத்துக்கான தடை இறைச்சிக்கும் உண்டு. கடையில் இப்போது வருவது பெரும்பாலும் உப்பிட்டு இரத்தம் நீக்கியதே, ஆனாலும் உறையில் அப்படி எழுதியிருக்கிறதா என்று வீட்டாரிடம் காட்டிக் கேளுங்கள். உப்பிடாத கறியானால், அறுத்து 72 மணி நேரத்துக்குள் இதைச் செய்தாக வேண்டும்: சாதாரண நீரில் அரை மணி நேரம் ஊறல், நீரை வடித்து எல்லாப் பக்கமும் உப்பு, சரிவான அல்லது துளையுள்ள பலகையில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று முறை அலசல். பொடியுப்பு உடனே கரைந்துவிடும், பருங்கல் உப்பு உருண்டு விழும். இரண்டுக்கும் நடுத்தரமானது வேண்டும். கோழியின் வயிற்றுக்குள்ளும் உப்பிட்டு, திறந்த பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் இரத்தம் உள்ளேயே தேங்கும். ஊறப்போட்டு மறந்து 24 மணி நேரம் ஆகிவிட்டால் கறி வீண்.

ஈரலில் இரத்தம் மிகுதி, உப்பு போதாது. குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கழுவி, இலேசாக உப்புத் தூவி, அதற்கென்று வைத்திருக்கும் கம்பியில் நேரடித் தீயில் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். சுட்டு அலசிய பிறகே வதக்கலாம். சுடாமல் நேரே வாணலியில் போட்டால் ஈரலும் போச்சு, வாணலியும் போச்சு.

தேநீரும் கடிகாரமும்

இறைச்சி உண்டபின் பால் பொருளுக்குப் பரவலான வழக்கம் 6 மணி நேரக் காத்திருப்பு. ஜெர்மன் வழி வந்தவர்கள் 3 மணி நேரம் என்பார்கள், டச்சு வழியினர் ஒரு மணி நேரம். பாலுக்குப் பின் இறைச்சிக்கு வாய் கொப்பளித்து, ரொட்டித் துண்டு ஒன்று தின்றால் போதும், சிலர் அரை மணி விடுவார்கள். நன்கு முற்றிய பாலாடைக்கட்டி என்றால் அதற்கும் 6 மணி என்பது அஷ்கெனாசி வழக்கம். மறதி நோய் உள்ளவர் மதியம் கோழி உண்டதை மறந்துவிட்டு நாலு மணிக்குப் பால் தேநீர் கேட்பார். கடைசியாக இறைச்சி உண்ட நேரத்தை ஒரு சிலேட்டில் எழுதிவையுங்கள்; பால் வேண்டாத எலுமிச்சைத் தேநீரைக் கொடுங்கள். நோயாளிகளுக்கு இந்த நேரத்தைக் குறைக்க ரப்பிகள் அனுமதிப்பதுண்டு.

கடையிலிருந்து எதையாவது நீங்களாக வாங்கி வரும் முன் யோசியுங்கள். இஸ்ரேல் மண்ணில் விளைந்த காய், பழத்திலிருந்து காணிக்கைப் பங்கு பிரித்த பிறகே உண்பார்கள். மேற்பார்வையுள்ள கடைகளில் அது முடிந்திருக்கும். பக்கத்து வீட்டு மரத்தில் பறித்துக் கொடுத்த எலுமிச்சைக்கு முடிந்திருக்காது. ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு தரும் ஷ்மிட்டா ஆண்டில் விதிகள் இன்னும் கூடும். அடுத்தது 2028 செப்டம்பரில் தொடங்குகிறது. புதிதாக வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரத்தையும் சமய நீர்த்தொட்டியில் முக்கி எடுக்கும்வரை உபயோகிக்க வேண்டாம். ஒட்டுத்தாளின் பசை இம்மியும் இல்லாமல் சுரண்டிக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை மிச்சம். அமெரிக்கப் பொட்டலங்களில் வட்டத்துக்குள் யூ எழுத்துப் போட்ட முத்திரைக்கு அருகே டி இருந்தால் பால் சேர்ந்தது. பி இருந்தால் பார்வே என்று நினைத்து ஏமாறாதீர்கள். அது பஸ்கா பண்டிகைக்கு ஏற்றது என்ற குறி.

அந்தப் பஸ்கா வருமுன் உங்கள் சொந்த அலமாரியைத்தான் முதலில் காலி செய்ய வேண்டும். கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களும் நீர் பட்டு 18 நிமிடத்துக்கு மேல் நின்றால் புளித்ததாகக் கணக்கு. இஸ்ரேலில் 7 நாளும் அவை வீட்டிலேயே இருக்கக் கூடாது. ரொட்டியும் பிஸ்கட்டும் தெரியும். மறந்துபோவது ரவை, சேமியா, நூடுல்ஸ், மால்ட் கலந்த பானப்பொடி, கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம். அரிசியும் பருப்பும் அஷ்கெனாசி வீடுகளில் அந்த வாரம் கிடையாது; செஃபார்திகள் பலர் அரிசியை மூன்று முறை பொறுக்கிவிட்டு உண்பார்கள். உங்கள் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு, எந்த அடுப்பு, எந்தச் சட்டி என்பதைப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே குடும்பத்தாரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நாளில் வீடே கவிழ்ந்து கிடக்கும், கேட்க ஆள் கிடைக்காது.